ஆமணக்குக் குடும்பத்தின் பாகப்பிரிவினை

பாடசாலை முற்றங்களில் வரம்பு கட்டி நிற்கும் ‘குரோட்டன்’ செடியை அறியாத ஆசிரியரோ மாணவரோ நம்மிடையே இல்லை. மஞ்சளும் சிவப்பும் பச்சையும் தெளித்தாற்போன்ற அதன் இலைகளைக் கொய்து பரிசளிப்பு விழா மேடைகளை அலங்கரிக்கிறோம்; கொப்பை முறித்து நட்டுப் புதிய வரிசை உண்டாக்குகிறோம். ஆனால், தாவரவியலார் கணக்கில் அது குரோட்டன் அன்று. 1753 இல் சுவீடன் தேசத்து லின்னேயஸ் அதனைக் குரோட்டன் என்னும் சாதியில் சேர்த்தார். 1824 இல் பாரிஸ் நகரத்து அட்ரியன் த ஜூசியே என்னும் இளைஞர், மருத்துவப் பட்டத்துக்கென எழுதிய தமது ஆய்வில், அதனை அங்கிருந்து பெயர்த்துக் ‘கொடியேயம்’ எனத் தனிச் சாதியாக நிறுத்தினார். இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தன. நாமோ இன்னும் பழைய விலாசத்துக்கே கடிதம் எழுதிக் கொண்டிருக்கிறோம்.

‘கொடியேயம்’ என்ற அச்சொல் எங்கிருந்து வந்தது? கிரேக்கமும் அன்று, இலத்தீனும் அன்று. மொலுக்காத் தீவுகளில் ஒன்றாகிய தெர்னாத்தேயின் மக்கள் அச்செடியைக் ‘கொடிஹோ’ என்றனர். ஒல்லாந்தக் கம்பனியின் ஊழியராய் அம்போய்னாவில் வாழ்ந்த ரும்பியஸ் என்னும் ஜெர்மானியர் அப்பெயரைக் கேட்டு, இலத்தீன் வாலொன்று ஒட்டி எழுதி வைத்தார். 1670 இல் அவர் கண் பார்வை இழந்தார். 1674 இல் ஏற்பட்ட பூமியதிர்ச்சி அவருடைய மனைவியையும் மகளையும் கொண்டு போயிற்று. 1687 இல் மூண்ட தீயில் அவர் தொகுத்த சித்திரங்கள் சாம்பலாயின. இத்தனைக்குப் பின்னும் பிறர் கண்களையும் பிறர் கைகளையும் துணைக்கொண்டு நூலை அவர் முடித்தார். அவர் 1702 இல் இறந்தார். நூல் 1741 ஆம் ஆண்டு முதலே அச்சேறியது. அந்த நூலின் வழியே தெர்னாத்தே மக்களின் சொல் உலகச் சொல்லாயிற்று. அதனை முதலிற் சொன்னவர் யார் என்பதற்குப் பதிவு இல்லை.

நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டது ஆமணக்குக் குடும்பத்தின் வரலாறு. மேனாட்டார் இதனை யூபோர்பியேசியே என்பர். ஆமணக்கு, மரவள்ளி, றப்பர், காட்டாமணக்கு, கள்ளி, குப்பைமேனி, நேர்வாளம் என நம் வாழ்வோடு கலந்த செடிகள் பல இக்குடும்பத்தவை. உண்ணவும் எரிக்கவும் மருந்தாகவும் நஞ்சாகவும் பயன்படுபவை. வெப்ப ஆசியாவின் காடோரங்களிலும் வேலியோரங்களிலும் தழைக்கும் புதர்களில் மிகப் பல இக்குடும்பத்தில் அடங்குவனவாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தன. கருதப்பட்டு ‘வந்தன’ என்று இறந்த காலத்திற் சொல்வதற்குக் காரணம் உண்டு. இக்குடும்பத்திலும் ஒரு பாகப்பிரிவினை நடந்து விட்டது.

அப்பிரிவினையின் வேர், எந்த மாணவனும் ஒரு சவர அலகைக் கொண்டு பார்த்தறியத் தக்க உண்மையொன்றிற் கிடக்கிறது. ஆமணக்கங்காயை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதை, ஆக மூன்று விதைகள். இனி, வேலியோரத்துக் கீழாநெல்லியின் கடுகளவான காயை வெட்டுங்கள். உருப்பெருக்கி வேண்டும், பொறுமையும் வேண்டும். அங்கும் மூன்று அறைகள். ஆனால் அறைக்கு இரண்டு விதைகள், ஆக ஆறு. மரவள்ளியின் தண்டைக் கீறினால் பால் கசியும்; கள்ளியைக் கீறினால் பெருகும். நெல்லிக் கொப்பை எத்தனை முறை கீறினாலும் பால் இல்லை. பூக்களில் ஆணும் பெண்ணும் வேறு வேறு என்பதும், காய் மும்மூன்றாய்ப் பகுந்திருப்பதும் இரு சாராருக்கும் பொது. இப்பொதுமையைக் கண்டவர் இருசாராரையும் ஒரே கூரையின் கீழ் வைத்தனர். ஒரு விதையா இரு விதையா என்ற வேற்றுமையைக் கண்டவரும் இருந்தனர். ஆயினும் அதனை வீட்டுக்குள் எழுப்பிய தட்டி என்று கொண்டனரேயன்றி வேறு வீடென்று கொண்டாரில்லை.

சாதி, இனம், குடும்பம் என்ற சொற்களை நம் நாட்டுத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் பொருளிலேயே இக்கட்டுரையில் வழங்குகிறோம். செடிகளின் பகுப்புக்குச் ‘சாதி’ என்ற சொல்லைத் தெரிந்தெடுத்தவர்கள் மனிதரிடையே அச்சொல் செய்த அநியாயத்தைச் சற்று எண்ணியிருக்கலாம் என்பது நம் கருத்து. செடிகளின் சாதி ஆராய்ச்சியால் மாறும். தவறெனக் கண்டால் கலைக்கப்படும்.

மனிதரின் சாதி பற்றிய பேச்சு இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. மலையாளக் கரையில் ஒல்லாந்தக் கம்பனியின் தளபதியாயிருந்த வான் ரீட் என்பவர் தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமிற் பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்தது. ஏறத்தாழ 740 செடிகள் அதில் வருணிக்கப்பட்டன. அச்செடிகளைக் காட்டிற் கண்டு தெளிவித்தவர் யார்? அவற்றின் பெயரும் குணமும் உரைத்தவர் யார்? சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர் அவருள் முதல்வர். குடும்ப ஏடுகளின் வழியே தாம் பெற்ற அறிவைச் சொல்லியதாக 1675 ஏப்ரல் 20 இல் அவர் கோலெழுத்தில் எழுதிய சாட்சிப் பத்திரம் முதற் பாகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணப் பிராமணர் மூவரின் சாட்சியும் உண்டு. கோயில் வீதியில் நடக்கவும் உரிமையற்றிருந்த ஒரு சமூகத்தின் வைத்தியருடைய கையெழுத்து, ஐரோப்பிய விஞ்ஞான நூலொன்றின் வாயிலில் நிற்கிறது. அந்த அறிவு மலையாளத்திலிருந்து போர்த்துக்கேயத்துக்கும், அதிலிருந்து இலத்தீனுக்கும் போயிற்று. மலையாளத்துக்கு அது திரும்பி வருவதற்கு மணிலால் என்னும் தாவரவியற் பேராசிரியரின் பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 2003 இலும் மலையாள மொழிபெயர்ப்பு 2008 இலும் வெளிவந்தன.

அந்நூலில் ‘கிர்கனெலி’ என்றொரு பெயர் காணப்படுகிறது. நம் கீழாநெல்லியே அது. ‘நிரூரி’ என்ற பெயரும் உண்டு, ‘திருக்கள்ளி’யும் உண்டு. ஏறக்குறைய அதே காலத்தில், 1670 களில், கொழும்பில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராயிருந்த போல் ஹேர்மன் இலங்கைச் செடிகளைப் பறித்து உலர்த்தி, சிங்களப் பெயர்களோடு ஏடுகளில் ஒட்டி வைத்தார். அவர் இறந்து அரை நூற்றாண்டின் பின் அவ்வேடுகள் லின்னேயஸின் கைக்கு எட்டின. அவற்றை ஆதாரமாகக் கொண்டு, இலங்கையைக் கண்ணாலும் காணாத லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய ‘புளோரா சீலானிக்கா’வை எழுதினார்.

லின்னேயஸின் மேதையை நாம் குறைத்துரைக்கவில்லை. இரு சொற்களாற் பெயரிடும் முறையை நிலைநாட்டி உலகத்துத் தாவர அறிவனைத்தையும் ஒரே கணக்கேட்டிற் பதிய வழிசெய்தவர் அவர். ஆனால் கிரேக்கமும் இலத்தீனும் அல்லாத பெயர்களைச் சாதிப் பெயராக ஏற்கலாகாது, அவை காட்டுமிராண்டிப் பெயர்கள் என்று 1737 இல் விதி வகுத்தவரும் அவரே. நம்மவர் சொற்கள் முன்வாயிலால் நுழைய முடியவில்லை. இனப் பெயரென்னும் கொல்லைப்புறத்தால் நுழைந்தன. ‘யூபோர்பியா திருக்கள்ளி’ என்றும், ‘பில்லாந்துஸ் நிரூரி’ என்றும் அவர் எழுத நேர்ந்தது. கிரேக்கத்தில் பில்லாந்துஸ் என்றால் ‘இலைப்பூ’.

இலைப்பூ என்பது ஏன்? இதனை விளக்க நெல்லிக் கொப்பொன்று வகுப்பறைக்கு வேண்டும். சிறு சிறு இலைகள் இரு வரிசையாய் அடுக்கப்பட்ட அந்தக் கொப்பைப் பார்த்ததும், அது புளியிலைபோலவோ முருங்கையிலைபோலவோ ஒரு கூட்டிலை என்றே எவரும் எண்ணுவர். அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு சிற்றிலையின் அண்டையிலும் பூவோ காயோ இருக்கும். கூட்டிலையின் சிற்றிலையடியிற் பூ வராது; முழு இலையின் கக்கத்திலேயே பூ வரும். ஆகவே நாம் ஓர் இலையென்று கண்டது உண்மையில் ஒரு கிளை. சிற்றிலையென்று கண்டது ஒவ்வொன்றும் முழு இலை. வயது முதிர்ந்ததும் இலை உதிர்வது போலவே அக்கிளை முழுவதும் உதிர்ந்து விடும். இலையாய் வேடமிட்ட கிளை அது. பூலா என்னும் வேலியோரப் புதரிலும், அரைநெல்லி மரத்திலும், கீழாநெல்லிப் பூண்டிலும் இதே வேடம்தான்.

இந்த வேடம் பெரியோரையும் ஏமாற்றியிருக்கக்கூடும். 1753 இல் அரைநெல்லியைப் பதிவு செய்த லின்னேயஸ் அதனை நெல்லியோடு வைத்தாரல்லர். காமரங்காயோடும் பிலிம்பியோடும் ‘அவெரோவா’ சாதியில் வைத்தார். காமரங்காய்க்கு மெய்யான கூட்டிலை உண்டு, கனியும் புளிக்கும். அரைநெல்லியின் கொப்பும் கூட்டிலை போன்றது, கனியும் புளிக்கும். 1767 இல் அதே அரைநெல்லியை வேறொரு செடியென்று கொண்டு ‘சிக்கா’ என்னும் புதுச் சாதியில் மீண்டும் பதிவு செய்தார். ஒரு மரம் இருமுறை ஞானஸ்நானம் பெற்றது. அந்நாளிலேயே தமிழ்ப் பெண்டிர் அதனை அரைநெல்லி என்று சொல்லி ஊறுகாய் போட்டுக் கொண்டிருந்தனர். மரமான நெல்லி, சிறு மரமான அரைநெல்லி, பூண்டான கீழாநெல்லி, மேலாநெல்லி, புதரான கருநெல்லி என்று, உருவத்தில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத இவற்றையெல்லாம் ஒரே சொல்லின் கீழ்க் கொண்டு வந்த மொழி வழக்கு, இலையின் வேடத்தைக் கண்டு மயங்கவில்லை. காய் இலைக்குக் கீழே தொங்குவது கீழாநெல்லி, மேலே நிமிர்வது மேலாநெல்லி என இனங்களைப் பிரிக்கும் அடையாளத்தையும் பெயரிலேயே பொதிந்து வைத்தது.

இதைக் கொண்டு நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று முரசறைவதற்கு நாம் வரவில்லை. அத்தகைய முரசுகள் இன்று போதிய அளவு ஒலிக்கின்றன. அதே மக்கள் வழக்கு, அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்துக்கள்ளியை முள்ளைக் கண்டு கள்ளியென்றது. அதற்கும் கள்ளிக்கும் உறவு ஏதும் இல்லை. ‘பூலா’ என்ற ஒரு பெயரால் வெவ்வேறு சாதியைச் சேர்ந்த இரண்டு புதர்கள் வழங்கப்படுகின்றன. வெண்ணிறக் கனியும் முள்ளும் உடையது ஒன்று. சிங்களத்தில் ‘கட்டுப்பில’ என்பர். கருநிறக் கனியுடையது மற்றொன்று. மக்கள் அறிவு பயன்பாட்டிலிருந்து பிறந்தது. பயன்பாடு எங்கே கூர்மையோ அங்கே அதுவும் கூர்மை. எங்கே செடியால் தேவை இல்லையோ அங்கே அது சும்மா இருந்து விட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஆய்வு பேரரசின் காரியமாயிற்று. 1821 இல் பேராதனையிற் பூந்தோட்டம் அமைந்தது. 1824 இல் அலெக்சாந்தர் மூன் இலங்கைச் செடிகளின் பட்டியலை சிங்களப் பெயர்களோடு வெளியிட்டார். அவர் காலத்தில், 1823 இல், தோட்டத்தின் சித்திரகாரராய் அமர்ந்த ஹேர்மானிஸ் த அல்விஸ் முப்பத்தெட்டு ஆண்டுகள் செடிகளை வரைந்தார். அவர்பின் அவருடைய மக்கள் வரைந்தனர். சென்னை மாகாணத்தில் ரொபர்ட் வைட் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியருக்காக ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்தனர். 1838 முதல் 1853 வரை வெளிவந்த வைட்டின் சித்திரத் தொகுதியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. இலங்கையின் ஆற்றங்கரைகளில் வளரும் மெல்லிய புதரொன்றை அத்தொகுதியில் வைட் ‘மக்ரேயா’ என்று புதுச் சாதியாக்கினார். பேராதனைத் தோட்டத்தின் தலைவராயிருந்த மக்ரே என்பவரின் நினைவாக. இன்று கீழைத்தேசப் பூங்காக்கள் பலவற்றில் வேலியாக வளர்க்கப்படும் அந்தச் செடியும் பில்லாந்துஸ் கூட்டத்தைச் சேர்ந்ததே. கோவிந்துவின் பெயராலும் வைட் ஓர் ஓர்க்கிட் சாதியை அமைத்தார். அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும். பின்வந்தோர் அது தனிச் சாதியன்று என்று கண்டு வேறொன்றோடு சேர்த்து விட்டனர். ஓவியரின் பெயர் புழக்கத்திலிருந்து மறைந்தது.

பேரரசுக்குச் செடிகளின் பெயர் ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு இக்குடும்பத்திலேயே விடை உண்டு. 1876 இல் பிரேசில் நாட்டிலிருந்து விக்கம் என்பவர் கொண்டு சென்ற றப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றில் ஏறத்தாழ 1900 நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. எந்தச் செடி பால் தரும், அதன் உறவினர் எவை, அவை எங்கே வளரும் என்ற கேள்விகளுக்கு உலர்தாவர ஏடுகளில் விடை தேடிய அறிவு, றப்பர்த் தோட்டமாக மலைச்சரிவுகளில் இறங்கியது. அதிகாலையில் பால் வெட்டச் சென்ற தொழிலாளிக்கு அந்த மரத்தின் இலத்தீன் பெயர் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அக்காலத்தே இக்குடும்பத்தை முழுமையாக ஆராய்ந்தவர் சுவிற்சர்லாந்தின் யோஹன்னஸ் முல்லர். 1866 இல் அவர் வெளியிட்ட பகுதி ஏறத்தாழ 1100 பக்கம். அறைக்கு ஒரு சூலா இரண்டா என்பதை முக்கியமான அடையாளமாக வைத்து அவர் வகுத்தார். சிறு சாதிகள் பலவற்றை உடைத்து, ‘கிளோக்கிடியோன்’ என்னும் பெருங் கூட்டத்தையும் உட்பட, பில்லாந்துஸின் வயிற்றில் இட்டார். 1887 இல் பிரித்தானிய இந்தியாவின் தாவர நூலை வெளியிட்ட ஹூக்கர் அவற்றை மீண்டும் வெளியே எடுத்தார். இலங்கைக்கென ட்ரைமன் எழுதத் தொடங்கி இறந்துபோக, 1898 இல் ஹூக்கர் முடித்த பாகத்திலும் அந்தப் பிரிவினையே நின்றது. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கியூவின் ஏரி ஷா, சீயம், போர்ணியோ, நியூகினி, சுமாத்திரா எனத் தேசம் தேசமாக இக்குடும்பத்தைக் கணக்கெடுத்தார். விரித்துரைத்தால் ஏடு பெருகும்.

பெயர்க் குழப்பம் நூலகத்தோடு நிற்பதாயின் அதனை அறிஞரிடமே விட்டுவிடலாம். ஆனால் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கும் நாட்டில் அது நோயாளியின் வயிறு வரை செல்கிறது. இந்திய நூல்கள் நெடுங்காலமாகக் கீழாநெல்லியைப் ‘பில்லாந்துஸ் நிரூரி’ என்றே எழுதி வந்தன. 1950 களில் மேற்கிந்தியத் தீவுகளின் பில்லாந்துஸ் இனங்களை ஆராய்ந்த அமெரிக்கராகிய கிரேடி வெப்ஸ்டர், மெய்யான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்று காட்டினார். மலையாளக் கரையின் சொல்லைச் சுமந்து நிற்பது மலையாளக் கரையில் இல்லாத செடி! இந்திய நூல்களில் நிரூரியெனப்பட்டது ஒன்றன்று, மூன்று இனங்களின் கலவை என்று 1985 இல் இந்திய ஆய்வாளர்களான மித்ராவும் ஜெயினும் நிறுவினர். அதற்கு முன்னைய மருந்தாய்வுகளில் எந்தச் செடி ஆராயப்பட்டது? உலர்ந்த மாதிரியைப் பேணி வைக்காத ஆய்வாயின் இதற்கு விடை கிடையாது.

1988 இல் சென்னையின் தியாகராஜன் குழுவினரும், நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க்கும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஈரலழற்சி ‘பி’ வைரசைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்தபோது நூற்றுக்கு 59 பேரின் இரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது என்றது அவ்வாய்வு. பிற நாடுகளிற் செய்த சோதனைகள் அந்தப் பேற்றைத் தரவில்லை. செடியின் இனம் ஒன்றா, மண் ஒன்றா, பறித்த பருவம் ஒன்றா என்று விவாதம் நீண்டது. ஐயம் தீராத மருந்தைக் கைகண்ட மருந்தென்று விற்போருக்கு இவ்விவாதம் கேட்பதில்லை. அதே கூட்டத்துப் புதரான தவசிக்கீரையின் கதையும் இங்கே நினைக்கத் தக்கது. மலாய் நாட்டாரும் சீயத்தாரும் காலங்காலமாய்ச் சமைத்துண்ணும் அக்கீரையை, 1990 களின் நடுவில் தைவானில் உடல் மெலிவதற்கென்று பச்சையாய்ப் பிழிந்து குடித்தனர் பலர். அவர்களுட் பலருக்குச் சுவாசப்பை மீளாச் சேதமுற்றது. செடியை அறிந்தவர்கள், செய்முறையை அறிந்தாரில்லை.

இனிப் பாகப்பிரிவினைக்கு வருவோம். 1990 களிலிருந்து டீ.என்.ஏ. வரிசைகளைக் கொண்டு உறவு காணும் முறை வளர்ந்தது. அறைக்கொரு விதையுடையாரும் இரு விதையுடையாரும் ஒரு தாய் மக்கள் அல்லர் என்பது தெளிவாயிற்று. 2003 இல் உலகத் தாவரவியலார் குழு வெளியிட்ட ஒழுங்குமுறையில் நெல்லிக் கூட்டம் ‘பில்லாந்தேசியே’ என்னும் தனிக் குடும்பமாயிற்று. ஏறத்தாழ 2000 இனங்கள் பிரிந்து போயின. (2007 இல் மற்றொரு விந்தை வெளிப்பட்டது. உலகிலேயே பெரிய பூவைப் பூக்கும் ‘ரப்லேசியா’ என்னும் ஒட்டுண்ணி, பூவென்று சொல்லவும் தயங்கத்தக்க சிறு பூக்களையுடைய ஆமணக்குக் குடும்பத்தினுள்ளிருந்தே கிளைத்தது என்பது அது.)

புதிய குடும்பத்துக்குப் புதுப் பெயர் வைக்க வேண்டியிருக்கவில்லை. பெயர் 1820 ஆம் ஆண்டிலேயே காத்திருந்தது. அதனைச் சூட்டியவர் இவான் மார்த்தீனொவ் என்னும் ருஷ்யர். கிரேக்கக் காவியங்களை ருஷ்ய மொழிக்குப் பெயர்த்த மொழியறிஞர் அவர். தாவரவியலை ருஷ்ய மக்கள் தம் மொழியிற் கற்க வேண்டுமென்று இலத்தீன்-ருஷ்யத் தாவரச் சொல்லகராதி ஒன்றை இயற்றினார். பில்லாந்தேசியே என்ற பெயர் அவ்வகராதியில் இடம் பெற்றது. 183 ஆண்டுகள் உறங்கிய பெயர், பிறப்புரிமையால் எழுந்து வந்தது. மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்த கதையை அறிந்த நமக்கு, தாய்மொழியில் ஒரு கலைச்சொல்லகராதி செய்தவனின் உழைப்பு எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை.

குடும்பம் பிரிந்ததும் உள்வீட்டு வழக்குத் தொடங்கியது. இலங்கையரான ஹஷேந்திரா கத்திரியாரச்சி தலைமை ஆசிரியராயிருந்து, கியூவின் பெட்ரா ஹொப்மன் முதலானோருடன் 2005 இலும் 2006 இலும் வெளியிட்ட ஆய்வுகள் ஒன்றைக் காட்டின. பிரெய்னியா, சௌரோபுஸ், கிளோக்கிடியோன் எனத் தனித்தனியே வைத்திருந்த புதர்ச் சாதிகளெல்லாம் பில்லாந்துஸ் என்னும் மரத்தின் உட்கிளைகளிலேயே முளைத்தவை. ஹேர்மன் இலங்கைச் செடிகளை ஏட்டில் ஒட்டி ஒல்லாந்துக்குக் கொண்டு போய் முந்நூற்று முப்பது ஆண்டுகள் சென்றபின், இலங்கைப் பெண் ஒருவர் அக்கூட்டத்தின் வம்சாவளியை உலகுக்கு எழுதினார் என்பதில் நமக்கு உவகை உண்டு, அதை மறைப்பானேன்?

உண்மை ஒன்று, அதிலிருந்து தீர்ப்போ இரண்டு. எல்லாவற்றையும் பில்லாந்துஸ் என்றே அழைப்போம் என்றனர் 2006 இல் ஹொப்மன் குழுவினர். அப்படிச் செய்தால் 1200 க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட பூதாகாரமான சாதியாகும். இல்லை, பில்லாந்துஸையே உடைத்து அடையாளம் காணத்தக்க பல சாதிகளாக்குவோம் என்றனர் 2022 இல் லெய்டன் நகரத்து பௌமனும் அவர் தோழரும். முல்லர் சேர்த்தார், ஹூக்கர் பிரித்தார், ஹொப்மன் சேர்த்தார், பௌமன் பிரித்தார். ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கிறது. இரத்த உறவை இயற்கை தீர்மானிக்கிறது. வேலியை எங்கே போடுவதென்று மனிதரே தீர்மானிக்கின்றனர். நம்மைக் கேட்டால், பிரித்தோர் பக்கமே சாய்வோம். வேலியோரத்தில் நின்று, கையில் உருப்பெருக்கியோடு செடியை இனங்காண முயலும் மாணவனுக்கு, 1200 இனங்களின் பட்டியலைவிடச் சிறு பட்டியல் உதவும்.

பிரித்ததனால் விளைந்த மற்றொரு பயனும் உண்டு. பழைய பெயர்கள் உயிர் பெற்றன. கீழாநெல்லியின் பெயரை இரவல் வாங்கி, 1789 இல் ஜூசியேயின் தந்தையான அந்துவான் லோரன் த ஜூசியேயின் நூலில் இடம் பெற்ற ‘கிர்கனேலியா’ மீண்டும் தனிச் சாதியாயிற்று. செடி மாறிப் போயிற்று என்பது உண்மை. சிறு பூண்டின் பெயர் இப்போது புதர்களுக்கு உரியது. கருங்கனிப் பூலா இன்று ‘கிர்கனேலியா ரெற்றிகுலாற்றா’. 1838 இல் ரபினெஸ்க் என்னும் விசித்திர மனிதர் சூட்டியதும், எவரும் பொருட்படுத்தாது விட்டதுமான ‘நெல்லிக்கா’வும் சாதிப் பெயராய்த் திரும்பியது, நம் மேலாநெல்லி அதிலே அடங்கும். காட்டுமிராண்டிச் சொற்கள் முன்வாயிலால் நுழைந்து விட்டன.

உறுதுணை அந்தமட்டில் கூறி நிறுத்தலாம். ஆயினும் ஒன்று எஞ்சுகிறது. கிளோக்கிடியோன் புதர்களின் பச்சைநிறப் பூக்களுக்கு மணமென்று சொல்லத்தக்கது மனிதர் மூக்குக்கு எட்டுவதில்லை. முந்நூறு ஆண்டுகள் இக்கூட்டத்தை உலர்த்தி, ஒட்டி, எண்ணி, வரைந்த எவரும் அப்பூ எவ்வாறு கருக்கொள்கிறது என்று கண்டாரில்லை. 2003 இல் ஜப்பானின் கத்தோவும் தோழரும் இரவில் அப்புதர்களருகே காத்திருந்து கண்டனர். சிறு அந்துப்பூச்சி ஒன்று ஆண்பூவுக்குச் சென்று தன் உறிஞ்சியால் மகரந்தத்தைச் சேர்க்கிறது. பெண்பூவுக்கு வந்து அதனை இடுகிறது. அப்பூவிலேயே முட்டையும் இடுகிறது. பிறக்கும் புழு விதைகளிற் சிலவற்றைத் தின்னும். சிலவற்றை விட்டு வைக்கும். பூச்சி இன்றேல் விதை இல்லை. விதை இன்றேல் பூச்சி இல்லை. பிரெய்னியாவிலும் இதே ஒப்பந்தம் பின்னர்க் காணப்பட்டது. உலர்தாவர ஏட்டில் இரவு ஒட்டப்படுவதில்லை.

இலங்கைத் தாவரங்களின் திருத்திய கைந்நூலின் பதினோராம் பாகம் 1997 இல் வெளிவந்தது. பூலாவும் நெல்லியும் கீழாநெல்லியும் அதில் ஆமணக்கின் குடும்பத்திலேயே இருக்கின்றன. அந்நூலைக் கையில் வைத்த மாணவனும், இன்றைய பட்டியலைக் கையில் வைத்த மாணவனும் ஒரே புதரின் முன் நின்றால், ஒருவன் ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்வான். மற்றவன் வேறொன்றைச் சொல்வான். இருவரும் கீழாநெல்லிக் காயைப் பறித்து வெட்டினால், அறைக்கு இரண்டு விதைகளைக் காண்பர்.